அடிக்குறிப்பு இல்லாத வெள்ளிகள்

பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இருபத்திரண்டு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடம்தான் பார்த்தேன். பிறகு நோர்வேக்கு வந்து, ஒஸ்லோவில் பொதிகள் பிரிக்கிற ஒரு கிடங்கில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். மெய்ப்புப் பார்க்கிற வேலை போனாலும் வியாதி போகவில்லை. பஸ்ஸில் ஒட்டியிருக்கிற அறிவித்தலில் ஒரு காற்புள்ளி கூடிப்போனாலும் இறங்கும் இடம் வரைக்கும் அதைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருப்பேன்.

நாங்கள் இருக்கிற புருசெத் என்ற ஒஸ்லோப் புறநகரில் தமிழர் வீடுகளுக்குக் குறைவில்லை. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா மலர், மரண அறிவித்தல் எதுவானாலும் அச்சுக்குப் போவதற்கு முன் என்னிடம் வரும். "அண்ணை, உங்கட கண்ணிலை ஒருக்கால் பட்டால் காணும்" என்பார்கள். நானும் பிகு பண்ணாமல் செய்து கொடுப்பேன். உண்மையைச் சொன்னால் அப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்கும். கிடங்கில் என்னை யாரும் அப்படி எதுவும் கேட்பதில்லை.

பத்திரிகையில் எனக்குச் சொல்லித் தந்த விதிகளில் ஒன்று, மேலே ஒரு குறி போட்டால் அதற்குக் கீழே ஒரு விளக்கம் இருக்க வேண்டும் என்பது. சொல்லுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு குறி இருந்தால், நாங்கள் அதை வெள்ளி என்போம், கண்ணைப் பக்கத்தின் அடிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இன்னொரு வெள்ளியும் ஒரு குறிப்பும் இருந்தால் சரி. இல்லாவிட்டால் மேலே உள்ளதை வெட்ட வேண்டும். நான் இதை விதி என்றுகூட நினைத்ததில்லை. மூச்சு விடுகிற மாதிரித்தான் செய்துவந்தேன்.

என் மனைவி இருபது வருடமாக இங்கே ஒரு பார்னஹாகேயில், அதாவது பாலர் நிலையத்தில், உதவியாளராக இருக்கிறாள். வெளியே பனி கிடக்கிற ஆறு மாதமும் பிள்ளைகளுக்குத் தடித்த பனி உடுப்பைப் போட்டுக் கழற்றுவதுதான் பாதி வேலை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் குனிந்து நிமிர்வாளோ தெரியாது. முதுகு மெல்ல மெல்லப் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து வீட்டை விட்டுப் போனதும், அவள் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்தில் சண்டையால் இரண்டாம் வருடத்தோடு நின்ற படிப்பு. ஐம்பது வயதில் மறுபடியும் மொழியியல்.

விட்ட பட்டத்தை முடித்து மாஸ்டர் படிப்புக்குப் போனபோது அவள் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவர்கள் எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டார்கள். வேல்ஸ், ஐரிஷ் முதலான கெல்டிக் மொழிகளின் தாய்மொழியில் ஓடும் தண்ணீருக்கு இருந்த சொல் எங்கேயிருந்து வந்தது என்பதுதான் விஷயம். அதற்குக் காரணம் ஒரு வேல்ஸ் நாட்டுத் தகப்பன். பாலர் நிலையத்துப் பிள்ளைகளை அல்னா ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போன ஒருநாள் அந்த மனுசனும் கூட வந்து, தண்ணீரைக் காட்டித் தன் மகனுக்கு "அவொன், அவொன்" என்று சொல்லியிருக்கிறார். அயர்லாந்திலும் கிட்டத்தட்ட இதேதான், இரண்டையும் பேசினவர்கள் பிரிந்து ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறது என்றும் சொன்னாராம். அவளுக்கு அது தலைக்குள் புகுந்துவிட்டது.

கிடங்கில் என்னோடு வேலை செய்கிற தமிழ்ச் சிநேகிதர்களுக்கு இதில் பெரிய உற்சாகம். கடைசியில் அது தமிழில் போய்த்தான் முடியும், பார்த்துக்கொண்டிருங்கள் என்று தேநீர் இடைவேளையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அதை நான் வீட்டில் வந்து சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"சத்தம் ஒத்துப்போனால் காணாது" என்றாள். "ஒரே மாதிரி இருக்கிறதைவிட, வித்தியாசம் ஏன் வந்ததெண்டு சொல்லத் தெரியவேணும். அதுதான் இஞ்சை வேலை."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இரண்டரை வருடம் அவள் குசினி மேசையில் இருந்து எழுதினாள், நான் பக்கத்தில் இருந்து செய்தி பார்த்தேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன், சில நாள் சமைத்தேன், அதை எல்லாருக்கும் சொல்லியும் திரிந்தேன். ஆனால் என்ன எழுதுகிறாள் என்று ஒரு தரமாவது கேட்டேனா என்றால் இல்லை. இப்போது நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆய்வேடு முடியும் தறுவாயில் அவளை வழிநடத்திய பேராசிரியை ஒரு செய்தி சொன்னார். இலையுதிர் காலத்தில் ஒரு அகராதித் திட்டத்தில் இரண்டு வருட வேலை ஒன்று வரப்போகிறது. கதிரையில் இருந்து செய்கிற வேலை. நல்ல புள்ளி வந்தால் விண்ணப்பிக்கலாம். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னாள். இன்னொரு பனிக்காலம் அந்தப் பனி உடுப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்ற நினைப்பே அவளைப் பத்து வயது குறைத்துவிட்டது.

ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை காலையில் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரவேற்பறைத் தரையில் மெத்தை விரித்துப் படுத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் கோப்பை இணையத்தில் ஏற்ற வேண்டும்.

"இஞ்சாருங்கோ, எல்லாம் முடிஞ்சுது" என்றாள். "கடைசியிலை இருக்கிற நூற்பட்டியலிலை காற்புள்ளியளை மட்டும் ஒருக்கால் பாருங்கோ. பாத்திட்டு அனுப்பிவிடுங்கோ."

நூற்பட்டியல் மட்டும். அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கே கணினிக்கு முன்னால் இருந்தேன். நூற்பட்டியல் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. நேரம் கிடக்கிறதே, மற்றப் பக்கங்களையும் பார்த்தால் என்ன என்று மூக்கை நுழைத்தேன். அங்கேதான் அந்த வெள்ளிகளைக் கண்டேன். ஒன்றிரண்டில்லை, மூன்றாம் அத்தியாயத்தில் தொடங்கிக் கடைசி வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தின் அடியைப் பார்த்தேன், ஒன்றுக்கும் குறிப்பு இல்லை. பாவம், நோவோடு எழுதினதால் அடிக்குறிப்புகளை வெட்டிவிட்டு மேலே உள்ள குறிகளை அழிக்க மறந்துபோனாள் என்று முடிவு கட்டினேன். முதல் இருபதை ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு, எல்லாவற்றையும் ஒரே தரத்தில் மாற்றுகிற பொத்தான் இருக்கிறதே, அதை அமத்தினேன்.

எழுப்பிக் கேட்டிருக்கலாம். அவள் நான்கடி தள்ளித்தான் படுத்திருந்தாள். இரவெல்லாம் நோவில் புரண்டவள் அப்போதுதான் அயர்ந்திருந்தாள், எழுப்ப மனம் வரவில்லை என்று பிறகு பல தரம் சொல்லிப் பார்த்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பதினொன்றரைக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு மலையைச் சுமந்து இறக்கின மாதிரிக் காலை நீட்டிப் படுத்தேன்.

பத்து நாள் கழித்து அவள் நடமாடத் தொடங்கினாள். வாய்மொழித் தேர்வுக்குப் படிப்பதற்காக ஆய்வேட்டை அச்செடுத்துக்கொண்டு வந்து ஒரு பின்னேரம் குசினி மேசையில் இருந்தாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கங்கள் புரளுகிற சத்தம் கேட்டது, பிறகு வேகமாகப் புரண்டது, பிறகு நின்றுவிட்டது.

"இதிலை இருந்த வெள்ளியெல்லாம் எங்கை?"

"அதுகளுக்கு அடிக்குறிப்பு இல்லை. நான்தான் எடுத்துப்போட்டன்" என்றேன். சொன்ன விதத்தில் பெருமை இருந்திருக்கும். இருந்தது.

அவள் கத்தவில்லை. இரண்டு கைகளையும் தாளின் மேல் வைத்தாள். பிறகு, தன் பாலர் நிலையத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அந்த வெள்ளி அடிக்குறிப்புக்கு இல்லை. இந்தச் சொல்லை ஒருத்தரும் காணேல்லை, கேக்கேல்லை, எங்கையும் எழுதியிருக்கேல்லை, நாங்கள்தான் பிள்ளை மொழியளைப் பாத்துத் தாய்ச் சொல்லைக் கட்டி எழுப்பியிருக்கிறம் எண்டு அர்த்தம். அந்த வெள்ளியை எடுத்தால், நான் அதைக் கண்ணாலை கண்டனான் எண்டு எழுதின மாதிரி. நூறு பக்கத்திலையும் நான் பொய் சொல்லியிருக்கிறன் இப்ப."

எனக்கு வந்த முதல் உணர்ச்சி வெட்கம் என்று எழுத ஆசைதான். வந்தது கோபம்.

"அப்பிடியொரு வழக்கம் இருக்கெண்டு நீர் முதலே சொல்லியிருக்கலாம்தானே" என்றேன். "எனக்கென்ன சாத்திரமே தெரியும்?"

"நீங்கள் கேக்கேல்லையே" என்றாள். அவ்வளவுதான். நான் வெங்காயத்தை வெட்டி முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு நல்ல சாட்டு இருந்தது.

அடுத்த நாள் அவள் பேராசிரியைக்கு எழுதினாள். ஒப்படைத்ததை மாற்ற விதி இல்லை, தேர்வு நாளில் ஒரு திருத்தப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுக்கலாம், அதைக் கணக்கில் எடுப்பதும் எடுக்காததும் தேர்வாளர்களைப் பொறுத்தது என்று பதில் வந்தது. பட்டியலை நான் தயாரிக்கிறேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ரெண்டுபேருமாச் செய்வம்" என்றாள்.

மூன்று பின்னேரம் இருந்தோம். அவள் பழைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் அச்செடுத்த பிரதியில் சிவப்புப் பேனையால் வெள்ளி போட்டுக்கொண்டு வந்தேன், பக்க எண்ணையும் வரியையும் பட்டியலில் எழுதினேன். போகப்போக எனக்கும் ஒரு வேகம் வந்து, அவள் சொல்லுவதற்கு முன்னமே ஒரு சொல்லுக்குக் குறி போட்டேன்.

"அதுக்குப் போடாதேங்கோ" என்றாள். "அது வேல்ஸ்காரர் இப்பவும் கதைக்கிற சொல்லு. உயிரோடை இருக்கிறதுக்கு வெள்ளி போடுறேல்லை."

அப்போதுதான் நான் முதல் தரமாக, இந்த ஆற்றுச் சொல்லில் அப்படி என்ன சிக்கல் என்று கேட்டேன். அவள் பேனையை வாங்கிப் பட்டியலின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினாள். வேல்ஸ், பிரெத்தோன், ஐரிஷ் என்று கெல்டிக் மொழிகள் எல்லாவற்றிலும் உள்ள சொற்களைச் சேர்த்துப் பின்னோக்கிப் போனால் *அபொனா என்கிற மாதிரி ஒரு வடிவம் வருகிறது. நடுவில் உள்ளது பகரம், ஆனால் 'தம்பி' என்று சொல்லும்போது வருகிற மென்மையான ஒலியோடு. தூரத்து உறவான சமஸ்கிருதத்தில் தண்ணீருக்கு 'ஆப' என்ற சொல் இருக்கிறது, அதில் உள்ளது 'பல்' என்பதில் வருகிற வல்லொலி. இரண்டும் ஒரு வேரா என்பதுதான் கேள்வி.

"கெல்டிக்கிலை அந்த வல்லொலி முழுக்க அழிஞ்சு போச்சு" என்றாள். "சமஸ்கிருதத்திலை தகப்பனுக்கு உள்ள 'பிதா' அந்த ஒலியோடை தொடங்கும், ஐரிஷிலை அது இல்லாமல் தொடங்கும். அப்ப ஆத்துச் சொல்லிலையும் அது அழிஞ்சிருக்கவேணும். ஏன் அழியேல்லை?"

"ஏன்?"

"ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, அது வேறை வேர், முதலே மென்மையான ஒலிதான் எண்டு சொல்லுது. மற்றக் கட்சி, அதுக்குப் பக்கத்திலை தொண்டையிலை பிறக்கிற ஒரு ஒலி இருந்தது, அது பட்டு வல்லொலி மென்மையாப் போச்சு, பிறகு அந்தத் தொண்டை ஒலியும் மறைஞ்சு போச்சு எண்டு சொல்லுது. நான் ரெண்டாவது கட்சி."

நான் யோசித்துப் பார்த்தேன். வல்லொலிகளை எல்லாம் பிடித்துக்கொண்டு போன காலத்துக்கு முன்னமே அது உருவம் மாறிவிட்டதால் தப்பியிருக்கிறது. இராணுவச் சுற்றிவளைப்புக்கு ஒரு வாரத்துக்கு முன்னமே வீட்டை விட்டு வெளிக்கிட்ட ஆட்களைப் போல. அதை அவளிடம் சொன்னேன். "அப்பிடித்தான்" என்றாள், "ஆனால் அந்தத் தொண்டை ஒலியையும் ஒருத்தரும் கேக்கேல்லை. அதுக்கும் ஒரு வெள்ளி போடுங்கோ." போட்டேன். நாலு வருடம் எழுத்துப் பார்த்தவன், ஆயுள் முழுக்க எழுத்துப் பார்த்தவன், ஒரு பக்கத்தையும் வாசிக்கவில்லை என்பது எனக்கு அந்த மேசையில்தான் விளங்கியது.

வாய்மொழித் தேர்வு ஜூனில், ஒரு காலைப் பொழுது. நான் ஒரு போத்தலில் கோப்பி ஊற்றிக்கொண்டு கூடப் போனேன். கதவு பூட்டியிருக்க நான் வெளியே நீள மர வாங்கில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து முடிவை எழுதுவதற்காக அவளை வெளியே அனுப்பினார்கள், பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். 'பி' கிடைத்தது. ஐந்து தேறும் புள்ளிகளில் இரண்டாவது. நல்ல புள்ளிதான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கழிவறைப் பக்கம் போனாள்.

அவள் போயிருந்த நேரத்தில் பேராசிரியை வெளியே வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, நோர்வேஜிய மொழியில் அன்பாகச் சொன்னார். நல்ல வேலை, கேள்விகளுக்கும் நன்றாகப் பதில் சொன்னாள், திருத்தப் பட்டியலையும் பார்த்தோம், ஆனாலும் குறிகள் போனதுதான் கவலை. கடைசி நேர அவசரத்தில் தானே தவறுதலாக அழித்துவிட்டதாக உங்கள் மனைவி சொன்னாள், முதுகு நோவோடு இருந்தாளாம், யாருக்கும் நடக்கக்கூடியது.

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தேவையான சொற்கள் எல்லாம் எனக்கு நோர்வேஜிய மொழியில் தெரியும். நான் செய்தது, போத்தலைத் திறந்து அந்த அம்மாவுக்கு ஒரு கோப்பி ஊற்றிக் கொடுத்ததுதான். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வருகிற ரயிலில் அவளிடம் கேட்டேன். "ஏன் நீர் என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"என்ரை பேர் போட்ட புத்தகம்" என்றாள். "ஒரு வரி பாக்காமல் அனுப்ப விட்டது நான்தானே." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, புருசெத் வரும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் அகராதி வேலைக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நேர்முகம் நன்றாக நடந்ததாகச் சொன்னாள், அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் முதுகைப் பற்றிப் பேசவில்லை. அக்டோபரில் கடிதம் வந்தது. வேறொருவரைத் தெரிவு செய்திருக்கிறோம், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. காரணம் என்று ஒரு வரி இல்லை. நான் அந்தக் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன், இந்தத் தரம் உண்மையாகவே வாசித்தேன். அடுத்த வாரம் முதல் பனி விழுந்தது, அவள் மறுபடியும் பனி உடுப்புகளுக்குப் போனாள். பின்னேரத்தில் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றுவாள். நான் போய் நாடாவை அவிழ்த்துவிடுவேன். அதைத் தவிர எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு லோறென்ஸ்கூக்கில் அவளுடைய தம்பி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அக்கா மாஸ்டர் முடித்ததையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றான். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருந்தோம். சோறும் கறிகளும் வந்து, அப்பளம் நொறுங்குகிற சத்தத்துக்கு நடுவில் தம்பி எழும்பி நின்றான். கையில் பழரசக் கோப்பை.

"அக்காவை எல்லாரும் மெச்சுறம்" என்றான். "அத்தானை ஆரும் சொல்லுறேல்லை. இரவு பகலாய் அத்தான் மெய்ப்புப் பாத்துக் குடுக்காட்டி அக்கா இதை முடிச்சிருக்கவே மாட்டா. என்ன அத்தான்?"

இந்தக் கதையை அவனுக்குச் சொன்னது நான். கோடையிலேயே சொல்லியிருந்தேன், தொலைபேசியில், அவனாகக் கேட்காமலே. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மனைவி எனக்கு எதிரே இருந்தாள். என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு மீன் முள்ளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் தலையாட்டினால் போதும், அவள் இதற்கும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

"நான் மெய்ப்புப் பாக்கேல்லை, நாசமாக்கினனான்" என்றேன். "பாக்கச் சொல்லாத இடத்திலை கை வைச்சு, இருக்கவேண்டிய குறியளையெல்லாம் அழிச்சு அனுப்பினது நான். உன்ரை அக்கா தேர்விலை போய்த் தான்தான் அழிச்சதெண்டு சொன்னவா. நான் கதவுக்கு வெளியிலை கோப்பி குடிச்சுக்கொண்டு பேசாமல் இருந்தனான். அதாலைதான் உயர்ந்த புள்ளி போனது. அதாலைதான் அந்த வேலையும் கிடைக்கேல்லை. இப்பவும் முறிஞ்ச முதுகோடை போய்வாறா. எல்லாம் என்னாலை."

தம்பி கோப்பையை மேசையில் வைத்தான். யாரோ ஒரு பிள்ளை ஏதோ கேட்க, அதன் தாய் வாயைப் பொத்தினாள். மனைவி மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்து, விரலைத் துடைத்துவிட்டு, அந்த நாள் முழுவதிலும் முதல் தரமாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அழிச்சது நீங்கள்" என்றாள். "பேசாமல் இருந்ததும் நீங்கள். அது நடந்தது, அதைச் சொல்லுங்கோ. ஆனால் வேலை அதாலைதான் கிடைக்கேல்லை எண்டு ஆர் கண்டது? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. காணாததைக் கண்ட மாதிரிச் சொல்லாதேங்கோ."

சொல்லிவிட்டு என் தட்டை இழுத்து அதில் சோறு போட்டாள். பன்னிரண்டு பேருக்கு முன்னால் நான் அழுதேன்.